வெட்டின இடமெல்லாம் ஓரம்

எங்கள் தெருவில் அவரை ஓரம்மா என்றுதான் கூப்பிடுவோம். கணவர் தரைவிரிப்பை அளந்து வெட்டுவார். வெட்டிய ஓரம் பிரியாமல் நாடா வைத்துத் தைப்பது ஓரம்மா. முப்பது வருடமாக வட்ட விரிப்புதான் இருவருக்கும் சோறு போட்டது. கனத்த விரிப்பை ஊசிக்கடியில் திருப்பித் திருப்பி ஓரம்மாவின் வலது தோள் இறங்கிவிட்டது. ஏன் சாய்ந்து நடக்கிறீர்கள் என்று கேட்டால், "நான் நேராத்தான் நடக்கிறேன், தெருதான் சாய்ஞ்சிருக்கு" என்பார்.

நூலகத்தில் குழந்தைகள் உட்காரும் மூலைக்குக் கால்வட்ட விரிப்பு கேட்டிருந்தார்கள். பாடப் புத்தகத்தில் வட்டக்கோணப் பகுதி என்பார்களே, அந்த வடிவம். ஆரம் ஏழடி. மறுநாள் காலை போட்டாக வேண்டும். ஓரம்மாவோ அன்று மாலை பஸ்ஸிலேயே மகளிடம் கிளம்ப வேண்டும். தலைப்பிரசவம், எந்த நேரமும் வலி வரலாம் என்று போன் வந்திருந்தது. அதை விட்டால் மறுநாள் மதியம்தான் பஸ்.

கணவர் வழக்கப்படி முழு வட்டத்துக்குக் கணக்குப் போட்டு நாலால் வகுத்தார். பரப்பு நூற்றைம்பத்து நாலு சதுர அடி. கால் பங்கு முப்பத்தெட்டரை. விரிப்பு வழுக்காமலிருக்க அடியில் பூசும் பசையை அந்த அளவுக்கே வாங்கினார், மிஞ்சவுமில்லை, குறையவுமில்லை. சுற்றளவு நாற்பத்து நாலடி. கால் பங்கு பதினொன்று. நாடாவும் அவ்வளவே வாங்கினார். ஓரம்மா வளைவைத் தைத்து முடித்தபோது நாடாவும் தீர்ந்தது. நேர்ப் பக்கங்கள் இரண்டும், ஏழும் ஏழும் பதினாலடி, மொட்டையாகக் கிடந்தன.

கணவர் தலையைச் சொறிந்தார். "சுவரோரம்தானே, யார் பார்க்கப் போறாங்க?"

"பார்க்காத பக்கம்தான் முதல்ல பிரியும். விரிப்பை நாலா பங்கு போடலாங்க, ஓரத்தைப் போட முடியுமா? வெட்டின இடமெல்லாம் புது ஓரம்."

வட்டமாக வெட்டி வெட்டித் தன் மூளையும் வட்டமாகிவிட்டது என்றார் அவர். சிரிக்க ஓரம்மாவுக்குத் தெம்பில்லை. கணவர் சைக்கிளில் போய் நாடா வாங்கித் திரும்பும்போது பஸ்ஸுக்கு அரைமணிதான் இருந்தது.

ஓரம்மா பழக்கதோஷத்தில் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோத்தார். பிறகு எழுந்து நாற்காலியைக் கணவர் பக்கம் தள்ளினார்.

"வளைவுக்குத்தான் நான் வேணும். இது நேர்கோடு. நீங்க தைங்க."

"கோணிப் போச்சுன்னா?"

"சுவரோரம்தானே, யார் பார்க்கப் போறாங்க?"

பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். பஸ்ஸில் ஏறியதும் தூங்கி, கண்டக்டர் தட்டி எழுப்பித்தான் இறங்கினாராம். விடியற்காலையில் பேத்தி பிறந்தபோது மகளின் கை ஓரம்மாவின் கைக்குள் இருந்தது.

திரும்பி வந்த அன்று, நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த நூலகத்துக்கு வந்தார். சுவரோரமாக விரிப்பைப் புரட்டிப் பார்த்தார். தையல் தள்ளாடித் தள்ளாடிப் போயிருந்தது. விரலால் இழுத்துப் பார்த்தார்.

"பிரியலை" என்று சொல்லிவிட்டு, அங்கேயே விரிப்பின் மேல் சற்று உட்கார்ந்துகொண்டார்.