முதல் வாய் காட்டுவள்ளி

முதலில் உதடு மரத்தது. மிளகாய் கூடிவிட்டது என்று நினைத்தேன். அடுத்து நாக்கு செருப்புத்தோல் மாதிரி தடித்தது. பிழைப்புக்கு வடக்கே வந்து ஆகுர்டியில் இட்லி வண்டி போட்டிருக்கும் எனக்கு வியாபாரத்தில் பாதி நாக்குதான், மீதிதான் சட்னி.

தின்றது காட்டுவள்ளிக்கிழங்கு. கல்வராயன் மலையடிவாரத்தில் மழை பொய்த்த வருடங்களில் அதுதான் எங்களுக்குச் சோறு. அப்படியே தின்றால் விஷம். சீவி, சாம்பல் போட்டு வேகவைத்து, கூடையில் கட்டி இரவெல்லாம் ஓடையில் போடுவோம். ஓடுகிற தண்ணீர் கசப்பை இழுத்துக்கொண்டு போகும். பிறகு அப்பா மட்டும் ஒரு துண்டை வாயில் போடுவார். நாங்கள் பசியோடு அவர் வாயையே பார்த்திருப்போம். அவர் யாரையாவது கிண்டல் செய்தால் நாக்கு மரக்கவில்லை, சாப்பிடலாம் என்று அர்த்தம். பெருந்தீனிக்காரர் என்று அவரைத் திட்டிக்கொள்வேன்.

இங்கே சந்தையில் அந்தக் கிழங்கைப் பார்த்ததும் கால் நகரவில்லை. விற்ற அம்மா, கசப்பு போக நன்றாக அலசச் சொன்னார். எனக்கேவா என்று சிரித்தேன். பள்ளிக்கூடப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன், இதில் மட்டும் பட்டம் வாங்கியவன். ஓடைக்குப் பதிலாக வாளியில் ஊறப்போட்டேன். எங்கள் குழாயில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். கசப்பு வாளியிலேயே குடியிருந்தது. புளி ஊற்றி அதை மறைத்தேன்.

மனைவி செல்வி பரிமாறிவிட்டு உட்காருவதற்குள் நான் சரிந்தேன். வலிப்பு (உடம்பு நம் சொல் கேளாமல் தானாக உதறுவது) வந்ததாம்.

ஆஸ்பத்திரிக்கு அவள் மீதிக் கிழங்கையும் தோலையும் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். என்ன விஷம் என்று டாக்டருக்குத் தெரிய அது உதவியது. உங்களுக்கு நேர்ந்தாலும் அப்படியே செய்யுங்கள். மோர் குடித்துப் பார்க்கலாம் என்று உட்காராதீர்கள்.

சலைன் (நரம்பில் ஏற்றும் உப்புத் தண்ணீர்) இறங்கியது. கண் திறந்தேன், நாக்கு புரளவில்லை.

"பேச்சு வந்துடுமா டாக்டர்?" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டாள் செல்வி.

"மூச்சு சீரா இருக்கு. பேச்சு வரும்னுதான் நினைக்கிறேன். பொறுங்க."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டீ ஆறிக்கிடந்தது.

"ஏதாச்சும் பேசுங்க. என்னைத் திட்டவாச்சும் செய்யுங்க."

மாலையில் குழறிக் குழறிச் சொன்னேன்: "உன் சமையல்லயே சாகாதவன்டி நான்."

ஊசி குத்தாத கையில் ஒரு அடி வைத்தாள். பிறகு ஆறிய டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

இப்போது இட்லியானாலும் முதல் வாயை நாக்கில் வைத்துக் காத்திருக்கிறேன். முன்பெல்லாம் உடம்பு எனக்கு ஒரு சாக்குப்பை. திணித்துக் கட்டிவிட்டுப் போவேன். இப்போது காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் நீண்டுகொண்டே போகிறது. அப்பாவுக்கு அது எவ்வளவு நீண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எதிரில் செல்வி தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறாள், நான் ஏதாவது உளறட்டும் என்று.