எலுமிச்சம்பழம் ஓட்டும் சர்வர்

கேட்காமல் செய்கிற உதவிக்குப் பெயர் உதவியா, திருட்டா? நான்கு மாதமாகக் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொள்கிறேன். இன்றுவரை பதில் தெரியவில்லை.

அன்னவாசல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் ஆசிரியை. எங்கள் பள்ளியின் கணினிகள் எல்லாம் ஒரே ஒரு பெட்டியின் வழியாகத்தான் இணையத்துக்குப் போக முடியும். பிராக்ஸி சர்வர் என்பார்கள். எந்தத் தளத்தைப் பார்க்கலாம், எந்த நேரத்தில் பார்க்கலாம் என்று அதுதான் முடிவு செய்யும். காலை ஒன்பதுக்குத் திற, இரவு ஏழுக்கு மூடு என்று அதற்குள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆபீஸ் அறையில், தாளாளரின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு அலமாரித் தட்டில் அது உட்கார்ந்திருக்கிறது.

போன ஆயுத பூஜைக்கு அதை முதல்முறையாக அணைத்தார்கள். சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள், காற்றுப் போகிற ஓட்டையின் மேலேயே பூச்சரத்தைப் போட்டார்கள். அப்போது தாளாளருக்கு ஒரு ஞானம் பிறந்தது.

"மாடுகூட ராத்திரி படுக்குது. இது வாங்குன நாள்லேர்ந்து ஓடிக்கிட்டே இருக்கு. மிஷினுக்கு ரெஸ்ட் வேணாமா? இனிமே தெனம் சாயங்காலம் மெயின ஆஃப் பண்ணிருங்க."

எங்களுக்காக அவர் இப்படி ஒரு நாளும் இரங்கியதில்லை.

விடுமுறை முடிந்து, நல்ல நேரம் பார்த்து, காலை எட்டே முக்காலுக்குப் பெட்டியைப் போட்டார்கள். எந்தக் கணினியைத் திறந்தாலும் 'அனுமதி இல்லை' என்ற பக்கம்தான் வந்தது. பெட்டியை விற்ற கம்பெனிக்காரரைப் போனில் பிடித்தோம். "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்றார். அணைத்ததால் வந்த வியாதிக்கு அணைப்பதே மருந்து.

மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு நேரில் வந்தார். நெட் ஒயர்களைப் பிடுங்கினார், ஊதினார், செருகினார். ஐந்தே முக்காலுக்கு எல்லாம் தானாக வேலை செய்தது. "ஒயர் லூசு சார்" என்றார். தாளாளர் கேசரி வரவழைத்தார். 'கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர் கிளம்பினார். ஆறு மணிக்கு மெயினை அணைத்தார்கள். மறுநாள் காலை மறுபடியும் அனுமதி இல்லை.

அந்தப் பக்கத்தில் பெரிய சிவப்பு எழுத்தை எல்லோரும் படித்தார்கள். அடியில் பொடி எழுத்தில் மணி போட்டிருந்ததை என்னைத் தவிர யாரும் படிக்கவில்லை. 00:40 என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது இருபத்தைந்து. பெட்டிக்குள் கடிகாரத்தை ஓட்டுகிற பொத்தான் பேட்டரி செத்துப்போயிருக்கிறது. ஓடிக்கொண்டே இருந்தவரை தெரியவில்லை. இப்போது தினமும் காலை எட்டே முக்காலுக்கு மெயினைப் போடும்போதெல்லாம் அதற்கு நள்ளிரவு பன்னிரண்டு. நாங்கள் வீட்டுக்குப் போன பிறகு, ஐந்தே முக்காலுக்குத்தான் அதற்குக் காலை ஒன்பது ஆகும். நல்ல நேரம் பார்த்தவர்கள் ஒருவரும் பெட்டியின் நேரத்தைப் பார்க்கவில்லை.

சொல்லத்தான் செய்தேன். "சார், பெட்டியோட டைம் தப்பா இருக்கு போல. உள்ள பேட்டரிய மாத்தணும்..."

"கம்பெனி சீல் வச்ச பெட்டிம்மா அது. தொட்டா வாரண்டி போயிரும். தொட்டவங்களும் போயிருவாங்க" என்றார். ஆபீஸில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

மறுநாள் பெட்டியின் மேல் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின. தாளாளர் வருவதற்கு முன், வருகைப் பதிவேடு எடுக்கிற சாக்கில் உள்ளே போனேன். சீல் வைத்த கம்பெனிக்காரர் பாஸ்வேர்டை எழுதிப் பெட்டியின் பக்கவாட்டிலேயே ஒட்டியிருந்தார். ஆபீஸ் கணினி வழியாக நுழைந்து மணியைத் திருத்தினேன். இரண்டு நிமிட வேலை. ஒன்பதுக்கு நெட் வந்துவிட்டது.

"பாத்தீங்களா? கண்ணு பட்டிருக்கு. ஒரு பழம், சோலி முடிஞ்சுது!" என்றார் தாளாளர்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அவர்கள் பழத்தை மாற்றுகிறார்கள். தினந்தோறும் நான் மணியை மாற்றுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் என் மகளுக்குக் காய்ச்சல். நான்கு வயது. கணவர் குவைத்தில் இருக்கிறார். அன்றைக்குப் பார்த்துப் பிளஸ் டூ பிள்ளைகள் நுழைவுத்தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். நான் கிளம்பியதும் மாமியார் வாசலில் வந்து நின்றார்.

"புள்ளைக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது. இங்கிட்டு இத விட்டுட்டு அங்கிட்டு எங்க ஓடுற?"

"மணி மட்டும் வச்சுட்டு வந்துர்றேன் அத்தை."

"ஒன்னய விட்டா ஆளில்லையா? ஸ்கூல்ல மணி அடிக்கிறவன்கூட லீவு போடுறான்!"

போனேன். மணியைத் திருத்தினேன். தாளாளர் வரும்வரை காத்திருந்து லீவு கேட்டேன். "தாராளமா போங்க. நீங்க இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, நெட்டு அதுபாட்டுக்கு ஓடுது" என்றார். பஸ் பிடித்து வீடு சேரப் பதினொன்றாகிவிட்டது. அதற்குள் மாமியாரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய், ஊசி போட்டுக் கொண்டுவந்திருந்தார். நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்த மகள், "மிஷினுக்குச் சரியாப் போச்சாம்மா?" என்று கேட்டாள். மாமியார் துணியை எடுத்து நனைத்து மறுபடியும் போட்டார். என்னைத் திட்டியிருக்கலாம்.

பங்குனியில் விராலிமலையில் அவளுக்குக் காதுகுத்து. கணவரும் வருகிறார். ஐந்து நாள் லீவு வேண்டும். பெட்டி நின்றால் பழத்துக்குப் பதில் பூசணிக்காய் வாங்குவார்கள். அது எனக்கு வேடிக்கைதான். ஆனால் அதே வாரத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் எடுக்க வேண்டும். பாதிப் பேர் வீட்டில் நெட் வசதியுள்ள போன் கிடையாது.

உண்மையைச் சொன்னால், பேட்டரியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். பாஸ்வேர்டு எப்படித் தெரியும் என்றுதான் கேட்பார்கள். வேலை போகும். நானே பேட்டரி வாங்கி, சீலைப் பிரித்துப் போட்டுவிடலாமா? அது இன்னும் பெரிய திருட்டு இல்லையா? இன்னொரு ஆசிரியையிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போகலாமா? மாட்டினால் அவருமல்லவா மாட்டுவார்?

இதைப் படிக்கிறவர்களில் இப்படிப்பட்ட ஆபீஸில் வேலை பார்த்தவர்கள் இருப்பீர்கள். லீவுக் கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை, அவர்கள் பழம் மாற்றுகிற நாளில், கொடுத்தாக வேண்டும். அதோடு சேர்த்து வேறு எதைக் கொடுப்பது, எதை மறைப்பது என்று அதற்குள் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.