எண்ணினால் ஓட்டுக் கொடு என்ற கற்பகம் டீச்சர்

மொட்டை மாடியில் ஏசியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு நின்றபோதுதான் ரூம்மேட் முருகேசன் போன் செய்தான். "அண்ணே, கற்பகம் டீச்சர் போயிட்டாங்கண்ணே. சேலத்துல, காலையில. நெஞ்சுவலியாம்." நான் அவனைத் திட்டினேன். "டேய், எதுல விளையாடுறதுன்னு இல்லையா?" லீவுக்குப் போனவர், அடுத்த வாரம் திரும்பி வரவேண்டியவர். நாங்கள் பிழைக்க வந்த வளைகுடா ஊரான குதைபியாவில் அவரைத் தெரிந்த எல்லோரும் அன்று சேதி சொன்னவரை இப்படித்தான் திட்டியிருப்போம்.

உருகி உருகி எழுத எனக்கு வராது. டீச்சரை நினைத்தாலே அழுகைக்கு முன்னால் ஒரு வேகம்தான் வருகிறது. எழுந்து நின்று யாரிடமாவது நியாயம் கேட்க வேண்டும் போலிருக்கிறது. அந்த வேகத்திலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கப் பாடத்திட்டம் நடத்தும் ஒரு பள்ளியில் அவர் சரித்திர ஆசிரியை. அவர் வீட்டு ஏசியைச் சரிசெய்யப் போனபோது ஏணி மேல் நின்றபடியே அவர் போனில் பாடம் சொல்வதைக் கேட்டேன். அந்தக் காலத்து அமெரிக்கர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பலில் ஏறிப் பெட்டி பெட்டியாகத் தேயிலையைக் கடலில் கொட்டினார்களாம். எனக்குப் பொறுக்கவில்லை. "டீயைக் கடல்லயா கொட்டினானுங்க? அடப்பாவிகளா! அவ்வளவு விலையா?" என்று மேலிருந்தே கேட்டுவிட்டேன். டீச்சர் சிரித்தார். "விலை கம்மிதான் வேலுச்சாமி அண்ணே. இவங்களை ஒரு வார்த்தை கேட்காம, ஆட்சி பண்ணினவங்க கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வரி போட்டாங்க, அதான் கோபம்." அன்று அவர் வீட்டு டீயை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

இந்த ஊரில் நான் பேச்சிலர். ஊரில் பெண்டாட்டி இருக்கிறாள், கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், ஆனாலும் பேச்சிலர்தான். குடும்பத்தைக் கூட்டி வர வழியில்லாமல் ரூமில் தங்கும் ஆணுக்கு வளைகுடாவில் அதுதான் பெயர். பார்க்குக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் 'ஃபேமிலி மட்டும்' என்ற பலகை நம்மை முறைக்கும். அதெல்லாம் பழகிவிட்டது. எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கலில் பந்தியில் உட்கார முடியாது என்பது மட்டும் பழகவே இல்லை. வருஷா வருஷம் பேச்சிலர்களுக்குப் பொங்கல் பார்சலில் வரும். பிளாஸ்டிக் டப்பாவில் ஆறிப்போன பொங்கலை ரூமில் தனியாகத் தின்று பார்த்தவருக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

ஒரு வருஷம் பொங்கலுக்குப் பெரிய ஹால் கேட்டிருந்தோம். உறுப்பினர்கள் நிறையப் பேர் இருந்தால்தான் ஹால் கிடைக்கும். அப்போதைய தலைவர் ராமநாதன் சார், வங்கி அதிகாரி, நல்ல மனிதர்தான், சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னார். "பேச்சிலர்ஸ் பேரையெல்லாம் மெம்பரா காட்டிடுவோம். ஆனா ஓட்டு ஃபேமிலிக்கு மட்டும். பொங்கல் அன்னைக்கு வழக்கம்போல பார்சல். லேடீஸ் வர்ற இடம் பாருங்க." நாங்கள் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தோம். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிய மாதிரி இருந்தது.

டீச்சர் எழுந்தார்! முதல் வரிசையில், பட்டுப் புடவையில்.

"சார், இந்தக் கணக்கை ஏற்கனவே போட்டுப் பார்த்துட்டாங்க. பிலடெல்பியாவில, அமெரிக்காவுக்குச் சட்டம் எழுத உட்கார்ந்தப்போ. ஆள் கணக்குப்படி சபையில இடம்னு முடிவாச்சு. உடனே அடிமை வச்சிருந்த மாநிலத்துக்காரங்க, அடிமைகளையும் எண்ணணும்னாங்க. அவங்களுக்கு ஓட்டு உண்டான்னா, கிடையாது. எண்ணிக்கைக்கு மட்டும். கடைசியில ஒரு அடிமையை அஞ்சுல மூணு பங்கா எழுதினாங்க. அந்த எண்ணிக்கையால சபையில இடம் கூடினது யாருக்கு? பூட்டி வச்சிருந்த முதலாளிக்கு."

ராமநாதன் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன டீச்சர் இது, நாம இவங்களை அடிமையாவா வச்சிருக்கோம்?"

"இல்ல சார். அது மகா பாவம். நம்மது வெறும் சில்லறைத்தனம். ஆனா கணக்குப் போட்ட விதம் ஒண்ணுதான். அந்தக் கணக்கு அழிய அவங்களுக்கு உள்நாட்டுப் போரே வர வேண்டியிருந்துச்சு. நமக்குக் கை தூக்கினாலே போதும்." பிறகு எங்கள் பக்கம் கையைக் காட்டிச் சொன்னார்: "எண்ணினா ஓட்டுக் கொடுங்க. ஓட்டு இல்லேன்னா எண்ணாதீங்க. எங்க வீட்டுப் பேரையும் சேர்த்து அடிச்சிடுங்க."

பிறகு முதலில் தூக்கிய கை யாருடையது தெரியுமா? ராமநாதன் சாரின் மனைவியுடையது! "போன வருஷமே அந்தப் பார்சலைக் கட்டும்போது எனக்கு மனசே ஒப்பலை" என்று உரக்கச் சொன்னார். அடுத்தடுத்து கைகள் எழும்பின. கடைசியில், கொஞ்சம் முறைப்போடு, தலைவரின் கையும். முருகேசன் விசிலடித்தே விட்டான். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். அந்தப் பொங்கலுக்கு நான் பந்தியில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன், எனக்குப் பரிமாறியவர் ராமநாதன் சார். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா வேலு?" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

அடுத்த தேர்தலில் பேச்சிலர்கள் சேர்ந்து டீச்சரையே தலைவராக்கினோம். இரண்டு முறை இருந்தார். மூன்றாவது முறைக்கு நாங்கள் கெஞ்சினோம், சண்டைகூடப் போட்டோம். "வாஷிங்டனை எவ்வளவு பேர் இருக்கச் சொன்னாங்க! ரெண்டு தடவை போதும்னு பண்ணைக்குப் போயிட்டாரு. ஜெயிச்சவங்க வீட்டுக்குப் போகக் கத்துக்கணும் அண்ணே, தோத்தவங்க கை தட்டக் கத்துக்கணும். மத்ததெல்லாம் அலங்காரம்" என்றார். முதல் பாதி சுலபம் என்றும், இரண்டாம் பாதிதான் கஷ்டம் என்றும் சொல்லிச் சிரித்தார்.

டீச்சரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது என்ன என்று கேட்பவர்களுக்குப் போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் ஆள் அதிகம் என்று கம்பெனியிடம் காட்டிப் புது ஃபிரிட்ஜ் வாங்கினோம். புதிதாக வந்த நேபாளிப் பையன்களையும் சேர்த்துத்தான் எண்ணினோம். மெனு முடிவு செய்யும்போது மட்டும் அவர்களை யாரும் கூப்பிடவில்லை. நான் எழுந்தேன். "எண்ணினோம்ல? அப்ப அவங்களையும் கூப்பிடு" என்றேன். "உனக்கு ஏண்ணே வேண்டாத வேலை, நம்ம சாம்பாருக்கே ஆபத்து" என்றான் முருகேசன். கூப்பிட்டோம். வந்தார்கள், அவர்கள் ஊர்ச் சாப்பாட்டுக்குக் கை தூக்கினார்கள். வெள்ளிக்கிழமை சாம்பார் தோற்றுப்போனது.

டீச்சர், நான் கை தட்டினேன்.