இரண்டு சம்மாட்டிகளின் வெற்றிலை

லியோனை நான் முதன்முதல் கண்டது ஊர்காவற்றுறைத் துறையடியில். கொழும்பில் படித்து, லண்டன் பீ.ஏ. எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருந்தேன். எங்கள் குறிச்சியில் என் தகப்பனார் உட்பட எல்லாரும் கடற்றொழில் செய்கிறவர்கள். பட்டம் எடுத்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. புத்தகப் பெட்டியைத் தனியே தூக்க முடியாமல், அங்கே நின்ற ஒரு பெடியனைக் கேட்டேன். பதினாறு வயது இருக்கும்.

"தம்பி, இதைக் கோவிலடிக்குக் கொண்டுவந்து தருவியோ?"

"ஓம் அண்ணை. நீங்கள் நடவுங்கோ, நான் பின்னாலை வாறன்."

நான் நடந்தேன். வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, பார்க்க வந்த சனத்துக்கெல்லாம் கொழும்புப் புதினம் சொல்லி முடித்தும் பெட்டி வரவில்லை. திரும்பிப் போனேன். வைத்த இடத்திலேயே வெயிலில் கிடந்தது. அதன்மேல் ஓர் ஆடு ஏறிப் படுத்திருந்தது. அவனைத் தேடிப் பிடித்து விசாரித்தேன். எனக்கு முன்பே அவன் ஒரு கடைக்காரருக்கு மூட்டை இறக்கவும், கத்தோலிக்கக் கோவில் சுவாமியார் வீட்டுக்குத் தண்ணீர் அள்ளவும் ஒப்புக்கொண்டிருந்தானாம்.

"அப்ப என்னட்டை ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே?"

விளங்காதவன் போல என்னைப் பார்த்தான். "நீங்கள் கேட்டனீங்கள், அண்ணை," என்றான்.

இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை என்று அன்று நினைத்தேன். ஆனால் சுவாமியார் என்னைப் பிடித்து வாலிபர் சபையை நடத்தச் சொன்னார். ஞாயிறு பின்னேரம் ஆசீர்வாத வழிபாடு முடிந்ததும் கோவில் விறாந்தையில் கூடுவோம். மனிதரோடு பழகுவது எப்படி, முகம் பார்த்துக் கதைப்பது எப்படி, கோபத்தை எப்படி அடக்குவது, பிழை விட்டால் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று சேசுநாதரின் போதனையிலிருந்து எடுத்துச் சொல்வேன். முன்வரிசையில் இருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவன் லியோன்.

சபையில் அவனை விரும்பாதவர் இல்லை. அவனை நம்பியவரும் இல்லை. திருநாட் கூத்தில் தேவதூதனான சம்மனசு வேஷத்துக்கு ஓம் என்றான். அந்தச் சம்மனசை வாளோடு எதிர்க்கும் சேவகனுக்கும் ஓம் என்றான். ஒத்திகையன்று இரண்டுக்கும் ஆள் இல்லை. கோபித்தால் கண் கலங்குவான். கண் கலங்கினால் யாருக்கும் மேலே ஏச மனம் வராது. அப்படியே தப்பித் தப்பிப் பதினேழு வயதுக்கு வந்துவிட்டான்.

தாய் அன்னமுத்து கைம்பெண். மகனை அப்படி வளர்த்தவள் அவள்தான். "தகப்பனில்லாத பிள்ளை, தம்பி. பெரியாக்களுக்கு மறுத்துக் கதைச்சால் நாளைக்கு ஆர் இவனைப் பாப்பினம்?" என்று என்னிடம் சொன்னாள். பணிவு புண்ணியம் என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொல்வதும் அவளுக்குத் துணை.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுத் தொடங்கினால் எங்கள் பக்கத்தவர்கள் முல்லைத்தீவுக் கரைக்குப் போய், ஓலைக் குடில் போட்டு, மாதக்கணக்கில் தங்கிக் கரைவலை இழுப்பார்கள். வலையும் வள்ளமும் வைத்திருப்பவர் சம்மாட்டி. புறப்படுவதற்கு முன் அவர் தட்டத்தில் வெற்றிலை வைத்து நீட்டுவார். எடுத்தவன் அந்த வருஷம் அவருடைய ஆள். கையெழுத்து, சாட்சி ஒன்றும் கிடையாது. வெற்றிலையை எடுத்த கைதான் சாட்சி. அந்த வருஷம் லியோன் முதன்முதலாகப் பெரிய ஆட்களோடு தொழிலுக்குப் போகவிருந்தான். அந்த வீட்டுக்கு அது சின்ன விஷயமல்ல. ஒரு சம்மாட்டியின் கீழ் நல்ல பெயர் எடுத்தால் ஆயுசுக்கும் தொழில் உண்டு. பெயர் கெட்டால் ஒரு வள்ளத்திலும் இடமில்லை.

ஒரு திங்கட்கிழமை என்னிடம் வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணை, சவிரிமுத்துச் சம்மாட்டியார் சனிக்கிழமை வெத்திலை தந்தவர். எடுத்தனான்."

"நல்லதுதானே."

"நேற்றுப் பூசை முடிய இன்னாசித்தம்பிச் சம்மாட்டியார் வீட்டை வந்தவர்."

"அதுக்கு?"

"அவரும் தந்தவர்."

"டேய், எடுத்தனியோ?"

"கதிரையிலை இருந்துகொண்டு தட்டத்தை நீட்டிக்கொண்டே இருந்தார், அண்ணை. வீடு தேடி வந்த மனிசன். எப்பிடி இல்லை எண்டுறது?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. முந்தின கிழமைதான் சபையில், தகப்பன் தோட்டத்துக்குப் போகச் சொன்ன இரண்டு பிள்ளைகளின் உவமையைச் சொல்லியிருந்தேன். ஒருவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு போனான்; மற்றவன் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அதை அவனுக்கு நினைவூட்டினேன்.

"நீ ஆர் எண்டு இப்ப விளங்குதோ?"

விரலை மடக்கி எண்ணினான். "அவங்களுக்குத் தகப்பன் ஒராள்தானே, அண்ணை. எனக்கு ரெண்டு சம்மாட்டி."

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் பொறுமையாகவே சொன்னேன். இரண்டாவது வெற்றிலை எடுத்தது பிழை. இன்னாசித்தம்பியாரிடம் நேரே போய், முகம் பார்த்து, பிழையை ஒப்புக்கொண்டு, வர ஏலாது என்று சொல். இன்றைக்கே சொன்னால் அவர் வேறு ஆள் பிடிக்கலாம். புறப்படும் நாளில் சொன்னால் அவருடைய வலைக்கு ஓர் ஆள் குறையும். அது களவு மாதிரி. மற்றவனுக்கு நோகுமென்று பொய்க்கு ஓம் போடுவது பிறர்சிநேகம் ஆகாது.

"இல்லை எண்டு சொன்னால் அந்தாளுக்கு என்னிலை வெறுப்பு வராதோ?"

"வரும். வரட்டும்."

அவன் அதை நம்பவே இல்லை. ஒருவருக்குத் தன்மேல் வெறுப்பு வந்த பிறகும் தான் உயிரோடு இருக்கலாம் என்பது அவனுக்குப் புதுச் செய்தி.

விறாந்தையில் நானே இன்னாசித்தம்பியாராகக் குந்தியிருந்து பழக்கினேன். முதலில் நிலத்தைப் பார்த்துச் சொன்னான். பிறகு என் காதைப் பார்த்துச் சொன்னான். கடைசியில் என் கண்ணைப் பார்த்து, "என்னிலை பிழை, சம்மாட்டியார். உங்களோடை வர ஏலாது," என்று அச்சடித்த மாதிரிச் சொன்னான். எனக்கே பெருமையாக இருந்தது. உடனே அனுப்பினேன்.

பொழுது சாயத் திரும்பி வந்தான்.

"கதைச்சியோ?"

"கதைச்சனான், அண்ணை."

"என்ன கதைச்சனி?"

"சுகமோ எண்டு கேட்டனான்."

"பிறகு?"

"வலை கிழிஞ்சு கிடக்கு, நாளைக்கு வந்து பொத்தித் தாறியோ எண்டார்."

"நீ என்ன சொன்னனி?"

அவன் மறுபடி என் காதைப் பார்த்தான். விளங்கிவிட்டது. படித்த படிப்பெல்லாம் ஒரு பெடியனின் வாயில் 'இல்லை' என்ற ஒரு சொல்லை வைக்க உதவவில்லையே என்று எரிச்சலாக இருந்தது. அந்தக் கிழமை முழுவதும் அவன் இன்னாசித்தம்பியாரின் வலையைப் பொத்தினான். அவரோ, பெடியன் ஆசையோடு வேலை செய்கிறான் என்று ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டு திரிந்தார். முடிச்சு இறுகிக்கொண்டே போனது.

புறப்பாட்டுக்கு முதல் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

"வா, நானே வந்து சொல்லி முடிக்கிறன். என்ரை சொல்லுக்கு அவர் மதிப்புக் குடுப்பார்."

லியோன் எழும்பி நின்றான்.

"வேண்டாம், அண்ணை. நீங்கள் வராதேங்கோ."

"என்ன?"

"நீங்கள் சொன்னால் அது உங்கடை சொல்லு. நான் போறன்."

அந்த 'வேண்டாம்', ஒரு வருஷமாக நான் காத்திருந்த சொல். ஆனால் வந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. உதவிக்குப் போனவனை வாசலில் நிறுத்தினால் யாருக்குத்தான் வராது? அன்னமுத்து குசினிக்குள்ளிருந்து, "என்ன மோனை, படிச்ச தம்பியோடை இப்பிடியோ கதைக்கிறது?" என்று அதட்டினாள். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைக்கு நடந்தான். நான் கோவில் மதிலடியோடு நின்றுகொண்டேன். காற்றுக் கரையிலிருந்து வீசியதால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

இரண்டு சம்மாட்டிகளும் சற்றுத் தள்ளித் தள்ளி நின்று சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லியோன் இன்னாசித்தம்பியாருக்கு முன்னால் போய் நின்றான்.

"சம்மாட்டியார், நான் சவிரிமுத்துச் சம்மாட்டியாரின்ரை வெத்திலையை முதலே எடுத்துப்போட்டன். உங்கடையை எடுத்தது என்னிலை பிழை. உங்களோடை வர ஏலாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"என்னடா சொல்லுறாய்? நாளைக்கு வள்ளம் இறக்கிறன், இண்டைக்கு வந்து சொல்லுறாய்! ரெண்டு தட்டத்திலையும் வாய் வைக்க நீ என்ன கட்டாக்காலி மாடோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லியோன் தலை குனியவில்லை. "என்னிலை பிழை," என்று மறுபடியும் சொன்னான். அதற்குள் சவிரிமுத்துச் சம்மாட்டி கிட்ட வந்துவிட்டார். இரண்டாவது வெற்றிலைக் கதை அவருக்கு அப்போதுதான் தெரியும்; வலை பொத்தியதைச் சும்மா உதவி என்றே நினைத்திருந்தார்.

"என்ரை வெத்திலையை எடுத்த கையாலை இவன்ரையையும் எடுத்தனியோ? அந்தக் கை என்ரை வலையைத் தொடக்கூடாது. போடா வீட்டை."

என்னால் நிற்க முடியவில்லை. மதிலைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

"சம்மாட்டியார், இது நியாயமோ? போன வருஷம் வெத்திலை எடுத்துப்போட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் ஒளிச்சு நிண்டவங்களை இந்த வருஷம் சேர்த்திருக்கிறியள். நேரை வந்து சொன்னவனைத் தள்ளுறியளே?"

அவர் சாவதானமாகச் சுருட்டைக் கடித்தார். "ஒளிச்சவங்கள் என்ன நினைச்சாங்கள் எண்டு எனக்குத் தெரியாது, தம்பி. இவன் தன்னைப் பற்றித் தானே சொல்லிப்போட்டான். நீர் பீ.ஏ. படிச்சனீர், வெத்திலைக் கணக்கு எங்களுக்குத் தெரியும்."

மறுநாள் இரண்டு வள்ளங்களும் லியோன் இல்லாமல் போயின. அன்னமுத்து கோவில் முற்றத்தில் எல்லார் முன்னிலையிலும் என்னைக் கேட்டாள்: "இப்ப திருப்தியோ, தம்பி? ஓம் எண்டு சொல்லித் திரிஞ்ச நாளிலை என்ரை பிள்ளைக்கு ஒரு இடமாவது இருந்தது."

அன்றோடு, உண்மை சொன்னால் ஊர் தோளில் தூக்கும் என்று சபைப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதை விட்டுவிட்டேன். அப்படி ஆண்டவர் எங்கேயும் வாக்களிக்கவுமில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும் என்று சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் அந்தக் கரையும் சிரித்த சனமும் ஞாபகம் வருகிறது. பெடியனில் பிழை பிடித்தவர்கள் அத்தனை பேரும் கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புப் பெறுகிறவர்கள்தான்.

அந்தச் சோளகம் முழுவதும் லியோன் கரையோரத்தில் இறால் பிடித்துத் தாய்க்குச் சோறு போட்டான். ஞாயிறுகளில் சபைக்கு வந்தான். முன்னைப்போல எல்லாவற்றுக்கும் தலையாட்டவில்லை. நான் சொன்ன சிலவற்றை விளங்கவில்லை என்று எழும்பிக் கேட்டான். அதனால் கூட்டம் முடிய நேரம் சென்றது.

இப்போது லியோனுக்கு இருபத்தொரு வயது. நெடுந்தீவுக்குப் போய்வரும் தபால் வள்ளத்தில் வேலை செய்கிறான்; கிழமையில் பாதி நாள் அங்கேயே தங்குகிறான். எங்கள் குறிச்சியில் ஒரு சம்மாட்டியும் இன்னும் அவனுக்கு வெற்றிலை நீட்டவில்லை.