ஆறாம் வகுப்பு வேகக் கணக்கும் ராக்சேன் தோர்ஸ்டாடும்

எங்கள் சிற்றூர் எல்ம் ரிவரில் யாருக்காவது மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சரிந்துவிட்டால் ராக்சேன் தோர்ஸ்டாடிடம்தான் போவார்கள். மெயின் தெருக் கண்ணாடிக் கடையில் ரொம்ப வருடமாக இருக்கிறாள். பிரேமுக்குச் சூடுகாட்டி, காதுக்குப் பின்னால் வரும் பகுதியை லேசாக வளைத்து மாட்டிவிட்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்பாள். காது வலித்தாலும் எதிரில் இருப்பவர், "நல்லாத்தான் இருக்கு, விடுங்க" என்பார். ராக்சேன் அதை நம்ப மாட்டாள். முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை வளைப்பாள்.

எங்கள் ஊரில் வாயால் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. காப்பி வேண்டுமா என்றால் வேண்டாம் என்போம். மறுபடி கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்போம். மூன்றாவது தடவை கேட்டால்தான், சரி, அரைக் கப் மட்டும் என்று வாங்கி முழுக் கப்பையும் குடிப்போம். முதல் தடவையே கை நீட்டுகிறவனைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல மாட்டோம். அவன் போன பிறகு பேசிக்கொள்வோம்.

இந்த ஊருக்குத்தான் வேகக் கணக்கு வந்தது. ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வருடக் கணக்கை இரண்டே வருடத்தில் முடித்துவிடும் திட்டம். பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர்தான் என்பதால் முதல் வருடம் ஒரே ஒரு வகுப்பு. ஆறாம் வகுப்பில் ஏறாதவர்கள் நடுவில் ஏற முடியாது. கல்லூரியில் பொறியியல் படிக்க நினைக்கிற பிள்ளைக்குக் கதவு பதினொரு வயதிலேயே சாத்தப்படுகிறது என்று ஒரு பாதி பெற்றோர் கொதித்தார்கள். பதினொரு வயதுப் பிள்ளையை இப்படி விரட்டினால் ராத்திரியெல்லாம் அழும் என்று மறுபாதி கொதித்தார்கள். கொதிப்பது என்றால் எங்கள் ஊர்க் கொதிப்பு. "நான் குறை சொல்லலை, சும்மா ஒரு சந்தேகம்" என்றுதான் எல்லாரும் ஆரம்பித்தார்கள். பள்ளி வாரியக் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் என்று கடிகாரம் பார்ப்பது என் வேலை. தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவனுக்கு இதைவிடப் பெரிய பதவி யார் தருவார்கள்? வேகக் கணக்கால் ஹாக்கிப் பயிற்சி கெடும் என்று ஒருவர் மூன்று நிமிடமும் பேசியதையும் பொறுமையாகக் கேட்டேன்.

ராக்சேன் மகள் பிரிட்டாவுக்குக் கணக்கு என்றால் உயிர். காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, வேகமானியை எட்டிப் பார்த்து, அடுத்த ஊர்த் தண்ணீர்த் தொட்டி எப்போது வரும் என்று சொல்லிக்கொண்டே வருவாள். வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் முடித்துவிடுவதால் டீச்சர் அவளைப் பென்சில் சீவ வைத்துவிடுவார். "பென்சில் சீவறதுலயும் நான்தான் முதல்" என்று கண்ணாடிக் கடையில் என்னிடமே ஒருநாள் சொன்னாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

திட்டத்தை நடத்த வந்தவள் கார்லா டிநாபோலி, நியூ ஜெர்சிக்காரி. சேர்க்கைக்கான தேர்வு முடிந்ததும் அவளே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தாள். ராக்சேனைக் கடையில் பிடித்தாள்.

"உங்க பொண்ணு பிரமாதமா எழுதியிருக்கா. இடம் இருக்கு, சேத்துக்கட்டுமா?"

"ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க? எங்களைவிட அவசியமான பிள்ளைங்க இருப்பாங்களே. அவங்களுக்குக் குடுங்க."

"நிஜமாவா? ரொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு!" என்று போனை வைத்துவிட்டாள் கார்லா.

 சாயங்காலம் ராக்சேன் தன் கணவன் டேலிடம், "திரும்பக் கூப்பிடுவாங்க" என்றாள். "கூப்பிடாம எங்க போயிடுவாங்க?" என்றான் டேல். இரண்டு பேரும் இந்த ஊரிலேயே பிறந்தவர்கள். வாரம் ஒன்று ஓடியது, போன் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் கூடும் சர்ச் காப்பியில் மார்லிஸ் ஹௌகன் விஷயத்தைச் சொன்னாள். ராக்சேனும் அவளும் சின்ன வயதிலிருந்து சிநேகிதிகள்.

"எங்க பையன் ஓவனுக்கு வேகக் கணக்குல இடம் கிடைச்சிருக்குடி. யாரோ வேண்டாம்னுட்டாங்களாம். போனை எங்க வீட்டுக்காரர் எடுத்துத் தொலைச்சார். சிகாகோக்காரர் இல்லையா, ஒரே வார்த்தையில சரின்னுட்டார். எனக்கு ஒரே கூச்சமாப் போச்சு."

"அதனால என்ன, நல்ல விஷயம்தானே" என்றாள் ராக்சேன். வீட்டுக்குப் போனதும் பிரிட்டாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"மரியாதைக்குச் சொன்னேன், கண்ணு."

"என் இடத்தை வச்சுத்தானா மரியாதை பண்ணுவே?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

அடுத்த வாரியக் கூட்டத்தில் மைக் முன்னால் ராக்சேன் வந்து நின்றாள். கடிகாரத்தை ஓடவிட்டேன்.

"என் பொண்ணுக்கு அந்த இடம் வேணும். போன்ல கேட்டப்ப வேண்டாம்னேன். வேணும்ங்கறதைத்தான் அப்படிச் சொன்னேன். வேணும். அவ்வளவுதான்."

கால் நிமிடம்கூட ஆகவில்லை.  அரங்கில் பாதித் தலைகள் ஆமாம் ஆமாம் என்று ஆடின. கார்லா மட்டும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். வாரியத் தலைவர், கருத்துக்கு நன்றி என்று வழக்கம்போல் சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கூட்டம் முடிந்து நடைகூடத்தில் காப்பி அண்டாவைச் சுற்றி நின்றோம். கார்லா நேரே ராக்சேனிடம் வந்தாள்.

"வேண்டாம்னா வேணும்னு அர்த்தம்னு நான் எப்படிங்க கண்டுபிடிக்கறது? வகுப்பு நிரம்பியாச்சு. யாராவது விட்டுக்குடுத்தாத்தான் உண்டு."

பக்கத்தில் நின்ற மார்லிஸ் வேறென்ன சொல்வாள்? அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"ஐயோ, அதுக்கென்ன? எங்க ஓவன் இடத்தை பிரிட்டாவுக்கே குடுத்துடுங்க. அவனுக்கு ஹாக்கி வேற இருக்கு."

இனி நடக்க வேண்டியது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ராக்சேன் கூடவே கூடாது என்பாள். மார்லிஸ் வற்புறுத்துவாள். ராக்சேன் திரும்பவும் மறுப்பாள். கடைசியில் எதுவும் மாறாது, இரண்டு பேரும் நல்ல பேரோடு வீட்டுக்குப் போவார்கள். ராக்சேன் மார்லிஸின் முகத்தைப் பார்த்தாள்.

"சரி. ரொம்ப நன்றி, மார்லிஸ்."

யாரோ காப்பியைக் கீழே சிந்தினார்கள். கார்லாவுக்கு ஒரே சந்தோஷம். "பாருங்க, எவ்வளவு சுலபமா முடிஞ்சுது!" என்று அங்கேயே தன் போனில் தட்டிப் பதிந்துவிட்டாள். மார்லிஸ் சிரித்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டும் வரை அந்தச் சிரிப்பை அவள் விடவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் ராக்சேனிடம் கேட்டேன். "அவ மனசாரச் சொல்லலை, உனக்குத் தெரியும்தானே?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும், ஹெர்ப்?" என்று சொல்லிக் காரைக் கிளப்பினாள்.

அந்த ஞாயிறு பிரிட்டா மார்லிஸுக்குத் தன் கையால் நன்றி அட்டை செய்து கொண்டுவந்தாள். சர்ச் காப்பியில் எல்லார் முன்னாலும் அவளைக் கட்டிப்பிடித்து, "இந்த ஊர்லயே நீங்கதான் ரொம்ப நல்லவங்க, மிஸஸ் ஹௌகன்" என்றாள். மார்லிஸ் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தால் போதும் என்று ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற ஓவன் அட்டையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். அவனிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"அம்மா, வேகக் கணக்குக்காக ஹாக்கியை விட்டுடறேன்னு நான் அப்பாகிட்ட சொல்லிட்டேனே" என்றான்.

மார்லிஸ் பிரிட்டாவின் தட்டில் இன்னொரு துண்டு கேக்கை வைத்தாள். ராக்சேன் காப்பி அண்டாவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஓவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. உடம்பு கூசிப்போயிற்று என்று பிறகு என்னிடம் சொன்னாள். இடத்தை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.