சவுனாவில் காய்ந்த ஹெல்மெட்

விதவை மார்கெத்தா முதல்முறையாகக் கார்ப் பந்தயத்தில் ஓட்ட வந்தபோது, தலையில் மாட்டக் கொண்டுவந்தது பனிச்சறுக்குக்குப் போடும் தொப்பி. மற்ற ஓட்டிகள் பார்த்திருந்தால் கிறிஸ்துமஸ் வரைக்கும் சிரித்திருப்பார்கள். ஹெல்மெட் பரிசோதனை மேசையில் இருந்த ஹெல்வி அக்கா அதைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு, அவளைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய், புத்தம்புது ஹெல்மெட் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"யாரோ வச்சுட்டுப் போனது. தேடி ஒருத்தரும் வரல. உனக்குச் சரியா இருக்கா பாரு."

விலைச்சீட்டு உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. இதைப் பார்த்த ஒரே ஆள், ஓட்டிகளில் ஒருவனான தைஸ்தோ. அவசரத்துக்கு ஒதுங்கி, பிர்ச் மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தான். நகரவும் முடியாத நிலை, இருமவும் முடியாத நிலை. அன்று பார்த்ததை அவன் தன் மனைவி ரைலியிடம்கூடச் சொல்லவில்லை.

ஹெல்வி அக்கா முப்பது வருஷம் பால் பண்ணையில் வேலை பார்த்தவர். கேனைத் திறந்து முகர்ந்தாலே, மாடு வெங்காயத் தாள் மேய்ந்ததா, பண்ணைக்காரர் கை கழுவினாரா, இரண்டையும் சொல்லிவிடுவார். கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜெபிக்கும்போதே யார் வீட்டில் மீன் பொரித்தார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே சொல்ல மாட்டார். ஓய்வு பெற்றதும், பந்தயத் திடலில் ஹெல்மெட் பரிசோதிக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

தைஸ்தோவின் ஹெல்மெட்டுக்கு வயது பதினாலு. இத்தனை காலம் அது தப்பித்ததற்குக் காரணம் இன்னொரு பரிசோதனை மேசையில் இருந்த எய்னோ கிழவரின் கண்கள். ஹெல்மெட்டையும் பூசணிக்காயையும் அவர் தடவித்தான் பிரித்தறிவார். அந்த ஆண்டின் கடைசிப் பந்தயத்தன்று கிழவர் கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அந்தப் பந்தயத்துக்காக தைஸ்தோ கோடை முழுவதும் காரை இழைத்து இழைத்துத் தயார் செய்திருந்தான். ஹெல்மெட்டில் முத்திரை விழாவிட்டால் கார் திடலுக்குள் இறங்க முடியாது.

முந்தின நாளே பழசு தெரியாதபடி அதற்கு நீலப் பெயின்ட் அடித்து வைத்திருந்தான். ஹெல்வி அக்கா வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது கீழ விழுந்திருக்கா தம்பி?"

"விழுந்திருந்தா விழுந்திருக்கும். விழலேன்னா விழல."

சாவோ மாகாணத்து ஆளிடம் நேர்ப்பதில் வாங்குவது விலாங்கு மீனைக் கையில் பிடிப்பது மாதிரி. ஹெல்வி அக்காவும் அதே மண்தான். மூக்கை ஹெல்மெட்டுக்குள் விட்டார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பிர்ச் இலை வாசனை வருது. இத சவுனாவுலயா காயவைக்கிற?"

தைஸ்தோவின் காது சிவந்தது. சவுனா என்பது நீராவிக் குளியல் அறை; அதில் பிர்ச் இலைக் கொத்தால் உடம்பில் அடித்துக்கொள்வது ஊர் வழக்கம். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் வியர்வையில் நனைந்த ஹெல்மெட்டை அவன் சவுனாவின் மேல்பலகையில், தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வான்.

"மனுசனுக்கு நல்லதுன்னா அதுக்கும் நல்லதுதானக்கா?"

"இலையால அடிச்சும் விட்டியா?"

"ரெண்டு தடவ. லேசா."

வரிசை வெடித்துச் சிரித்தது. ஹெல்வி அக்கா சிரிக்கவில்லை. அவன் சுண்டுவிரலைப் பிடித்து ஹெல்மெட்டுக்குள் நுழைத்தார். வெளி ஓட்டுக்கும் உள் மெத்தைக்கும் நடுவே விரல் முழுசாகப் போனது.

"சூட்டுல மெத்த சுருங்கிப்போச்சு. நீ அடிச்ச பெயின்ட் வெளி ஓட்டையும் அரிக்கும். வயசும் ஆயிடுச்சு. நல்ல ஹெல்மெட்டே ஒரு அடி வாங்கினா மாத்தணும், இது கீழயும் விழுந்திருக்கு. இது நாலு விதத்துல செத்துப்போச்சு தம்பி."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. எட்டு கார் செஞ்சேன். எட்டையும் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க. எங்கூட நின்னது இது ஒண்ணுதான்."

அது உண்மை. இந்தப் பந்தயத்தின் விதி அப்படி. ஓட்டம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் ஊரறிந்த ஒரே விலைக்கு எந்தக் காரையும் கேட்கலாம். கேட்டால் மறுக்கக் கூடாது. தைஸ்தோ நன்றாகக் கார் செய்வான், அதனால் ஒவ்வொரு முறையும் பேருந்தில்தான் வீடு திரும்புவான், மடியில் ஹெல்மெட்டோடு.

ஹெல்வி அக்கா நீல ஹெல்மெட்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை ஹெல்மெட்டை எடுத்தார்.

"யாரோ வச்சுட்டுப் போனது."

வேறு யார் நீட்டியிருந்தாலும் தைஸ்தோ தட்டிவிட்டிருப்பான். அந்த வார்த்தையை அவன் பிர்ச் மரத்துக்குப் பின்னால் நின்று ஏற்கெனவே கேட்டவன். வாங்கி மாட்டிக்கொண்டான்.

இரண்டாம் வளைவில் கார் சேற்றில் வழுக்கி, மூன்று முறை உருண்டு, சக்கரங்கள் வானத்தைப் பார்க்க நின்றது. உருண்டபோது அவன் தலை காருக்குள் இருந்த பாதுகாப்புக் கூண்டின் கம்பியில் 'ணங்' என்று மோதிய சத்தம் காப்பிக் கடைவரை கேட்டதாம். ரைலி கையிலிருந்த ஏலக்காய் ரொட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். தைஸ்தோ தானாகவே ஊர்ந்து வெளியே வந்து, "ரொட்டிய ஏன் போட்ட?" என்று கேட்டான். புத்தி தெளிவாக இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் நிம்மதி.

வெள்ளை ஹெல்மெட்டில் ஒரு கீறல்தான் இருந்தது. தைஸ்தோ அதைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தான்.

"அக்கா, பெருசா ஒண்ணுமில்ல. அடுத்த ஆளுக்குக் குடுக்கலாம்."

"வெளிய ஒண்ணுமில்ல. உள்ள உன் அடிய அது வாங்கிக்கிச்சு. ஒரு தடவதான் வாங்கும்." ஹெல்வி அக்கா கத்தியை எடுத்து, இனி யாரும் மாட்டாதபடி அதன் வாரை அறுத்தார். ஆமென் சொல்வதுபோல உதடு அசைந்தது. தைஸ்தோ தன் நீல ஹெல்மெட்டையும் தானாகவே மேசையில் வைத்தான். அறுக்கும்போது மட்டும் திரும்பிக்கொண்டான்.

அன்று அவன் காரை யாரும் கேட்கவில்லை. நசுங்கின காரை எவன் கேட்பான்? முதல்முறையாகக் கார் அவனோடு வீட்டுக்கு வந்தது, டிராக்டரில் கட்டி இழுத்தபடி. வார் அறுந்த நீல ஹெல்மெட்டை ரைலி கோழிக் கூட்டில் வைத்தாள். ஒரு கோழி அதில் ஏறி உட்கார்ந்து, எய்னோ கிழவரைவிடக் கண்டிப்பாக யாரையும் கிட்ட விடவில்லை.

அடுத்த வசந்தத்தில் ஹெல்வி அக்கா தங்கை வீட்டோடு இருக்க ஓவுலு நகரத்துக்குக் கிளம்பினார். தைஸ்தோ தான் வாங்கிய புது ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு வந்தான். அதற்குப் பிறகு அவர்கள் சந்திக்க ஆண்டவர் சித்தம் வைக்கவில்லை. ஹெல்வி அக்கா பேருந்துப் படியில் ஏறி, பிறகு இறங்கி வந்து, ஹெல்மெட்டுக்குள் ஒருமுறை முகர்ந்து பார்த்தார்.

"பிர்ச் வாசன இல்ல. நல்லது. தலைய மட்டும் சவுனாவுக்குக் கூட்டிட்டுப் போ தம்பி. இத வாசல்லயே நிறுத்திடு."