பிக்கப்பை உயர்த்தினவர்கள்

டயர் கடைக்கு ஒருவரும் சந்தோசமாக வருவதில்லை. ஆணி குத்தினால் வருவார்கள், வருசா வருசம் வண்டிக்கு வைக்கும் எம்.ஓ.டி. சோதனையில் தோற்றால் வருவார்கள். சிரித்துக்கொண்டு வருகிறவர்கள் ஒரே ஒரு வகைதான். பிக்கப்பின் ஸ்பிரிங்கை மாற்றி, லிஃப்ட் கிட் போட்டு, வண்டியை நாலு அங்குலம் தூக்கி, கீழே பெரிய டயர் மாட்ட வருகிறவர்கள். அவர்களும் மூன்று கிழமையில், நாங்கள் எல்லாரும் பெற்றோல் ஸ்டேஷனில் காசு கட்டும்போது வைத்திருக்கிற அதே முகத்தோடு திரும்பி வருவார்கள். லண்டன் எட்மண்டனில் இந்த வேலையில் இருந்து நான் பார்த்தவர்களில் சிலரைச் சொல்கிறேன். உங்களில் யாராவது இதில் உங்களைக் கண்டால் கோபிக்க வேண்டாம்.

கம்பூட்ஸ்

சிவகுமார் அண்ணை கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். பிக்கப்பை எங்களிடம்தான் உயர்த்தினார். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனவர், மூன்றாம் கிழமை கராஜ் வாசலிலேயே நின்று கத்தினார். "என்ர எஞ்சினுக்கு என்ன செய்தனி? தண்ணி குடிக்கிற மாதிரி டீசல் குடிக்குது!"

எஞ்சினை நான் தொடவே இல்லை. தேநீர் கொடுத்து இருத்திவிட்டு, "அண்ணை, சேற்றுக்குப் போடுகிற பாரமான கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடினால் உங்களுக்கு மூச்சு வாங்குமோ இல்லையோ?" என்று கேட்டேன். வாங்கும் என்றார். பாரமான டயரைச் சுற்ற எஞ்சினுக்கும் அப்படித்தான். வண்டி உயர்ந்ததால் மோட்டர்வேயில் காற்றும் கூடுதலாகப் பிடித்து இழுக்கும். ஆனால் அவர் நினைத்த அளவுக்கு நட்டம் இல்லை. சில்லு பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி கூடத் தூரம் போகும். மீற்றருக்கு அது தெரியாது, பழைய சில்லு என்று நினைத்துக் குறைத்துத்தான் எண்ணும். அவர் அந்தக் குறைந்த மைலை வைத்து டீசல் கணக்குப் பார்த்திருக்கிறார்.

அண்ணை நம்பவில்லை. இரண்டு பேருமாகக் கேம்பிரிட்ஜ் பக்கம் அவருடைய வேலைத்தளத்துக்குப் போய்வந்தோம். மீற்றர் நூறு மைல் என்றது, என் போன் நூற்றெட்டு என்றது. அண்ணை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "அப்ப மீற்றர் சொன்னதும் பொய், நான் போட்ட கணக்கும் பிழை. டீசல் முடிஞ்சது மட்டும்தான் உண்மை, என்ன?"

ஒரு கடிதம்

இது என்னுடைய பிழை. அதனால் சுருக்காமல் சொல்கிறேன்.

கார்த்திக் கோயம்புத்தூர்ப் பிள்ளை. ஹவுன்ஸ்லோவில் இருக்கிறார், கம்ப்யூட்டர் வேலை. சட்டத்தை மீறி ஒரு மிட்டாய்க் கடதாசிகூடத் தெருவில் போடாதவர். இணையத்தில் பெரிய டயர் வாங்கி, பூட்டித் தரச் சொல்லி வந்தார். பூட்டினேன். அன்றைக்குக் கராஜ் முழுக்க ஆட்கள். "இந்த டயரோடு ஸ்பீடோமீட்டரையும் திருத்த வேண்டும், முள் இனிக் குறைத்துக் காட்டும்" என்று சொல்ல மறந்துபோனேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு வேகம் கூடிப்போனதாகப் பொலிசிடமிருந்து கடிதம் வந்த கையோடு வந்து நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. "ஐம்பது மைல் ரோட்டுல ஐம்பதுக்கு மேல போகவே இல்லண்ணா. முள்ளையே பார்த்துட்டு ஓட்டினேன். விசா புதுப்பிக்கணும், இதெல்லாம் அங்க கேப்பாங்களாண்ணா?" அந்தப் பயம் எனக்குத் தெரியும். நானும் ஒருகாலத்தில் தபால்காரர் போடும் ஒவ்வொரு கடிதத்துக்கும் நடுங்கியவன். "தம்பி, பிழை என்னிலை. சொல்லியிருக்க வேணும்" என்றேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நானும் கேக்கலையே" என்றார். அது இன்னும் சுட்டது.

அன்றே வேலையை நிறுத்திவிட்டு மீற்றரைத் திருத்திக் கொடுத்தேன். நடந்ததை எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். அந்த எழுத்து எடுபட்டதோ தெரியாது. லைசென்சில் தண்டனைப் புள்ளி போடாமல், வேகத்தைப் பற்றிய வகுப்புக்கு வரச் சொல்லிவிட்டார்கள். விசாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வகுப்பு முடிந்த அன்று போன் எடுத்தார். குரலில் சிரிப்பு இருந்தது: "எல்லாரையும் ஏன் வேகமா போனீங்கன்னு கேட்டாங்கண்ணா. ஒருத்தர் அவசரம்னார், ஒருத்தர் கவனிக்கலைன்னார். நான் டயர்னு சொன்னதும் வகுப்பே திரும்பிப் பாத்துச்சு!"

ஹெலனுக்குப் பிரசங்கம்

கார்த்திக்குக்குப் பிறகு நான் எல்லாருக்கும் பிரசங்கம் வைக்கத் தொடங்கினேன். காற்று, பாரம், மீற்றர், டீசல், ஒன்றும் விடமாட்டேன். ஒருநாள் ஹெலன் என்ற வெள்ளைக்காரப் பெண் சேற்று டயர் கேட்டு வந்தார். அவருக்கும் முழுதாக வைத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

பிறகுதான் தன் தொழிலைச் சொன்னார். புயலில் விழுந்த மரங்களை வெட்டி அகற்றுகிறவர். போன மாரியில் கூட வேலை செய்தவருக்கு மரம் அறுக்கும் வாளால் கால் வெட்டுப்பட்டிருக்கிறது. காட்டுப் பாதைக்குள் அம்புலன்ஸ் வராது. இவருடைய பிக்கப்போ சாதாரண டயரோடு சேற்றில் புதைந்து நின்றிருக்கிறது. ஆளைத் தடியில் கட்டிய தார்ப்பாயில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். ஆள் பிழைத்துவிட்டார். பிரசங்கத்தை அதோடு நிறுத்தினேன். வண்டியை உயர்த்தாமல், ஆழமாகப் பள்ளம் வெட்டிய டயரை மட்டும் பூட்டினேன். வண்டித் திறப்பை வாங்கும்போது அவர் சொன்னது தமிழில் இப்படி வரும்: "டீசல் கூடப் போகும்தான். போகட்டும், வண்டியும் போகுமே."

டீசல் மிச்சம்

டூட்டிங்கில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் ரவீந்திரன் அண்ணை மூன்று வருசத்துக்கு முன்னம் தன் பிக்கப்பை எங்களிடம் உயர்த்தினவர். போன வருசம் அவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இழுத்துவிட்டது. கைகால் பயிற்சிக்குக் கிழமையில் மூன்று நாள் போக வேண்டும். இரண்டு பேர் பிடித்து அந்த உயர்ந்த பிக்கப்பில் ஏற்றி விடுவார்கள். ஒருநாள் ஏறும்போது வழுக்கி, கடை வாசலில் சனம் பார்க்க விழுந்துவிட்டார். அதோடு பயிற்சிக்குப் போகமாட்டேன் என்று படுத்துவிட்டார்.

மனைவி பரமேஸ்வரி அக்கா தனியாக வந்தார். "தம்பி, வண்டியைப் பழையபடி இறக்கித் தா. ஆனா தனக்காக எண்டு தெரிஞ்சா அவர் விடமாட்டார். டீசல் மிச்சம் எண்டு நீ சொல்லு." அக்கா பக்கத்தில் நிற்க, அண்ணைக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, டீசல் விலை ஏறிப்போச்சு. சின்ன டயரோட வண்டி இறங்கிப் பதிவாய் நிண்டா மிச்சம் பிடிக்கலாம்." நான் தடுமாறின இடத்திலெல்லாம் அக்கா காதுக்குள் எடுத்துக் கொடுத்தார். கடைசியில் அண்ணை, "ஓம், நானும் யோசிச்சனான். இறக்கு" என்றார்.

வண்டியை எடுக்கிற அன்று அவரும் டாக்சியில் வந்தார். நான் பிடிக்கப் போனேன், கையை அசைத்து மறித்தார். இடக்கையால் கதவின் பிடியைப் பற்றி, முதலில் சீட்டில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்தார். நேரம் எடுத்தது. அக்கா வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி நின்றேன். "நாளைக்குப் பயிற்சி எத்தனை மணிக்கு?" என்று அண்ணை உள்ளே இருந்து கேட்டார். அக்கா பணம் கட்ட உள்ளே போனதும் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "டீசல் கதை நல்லாத்தான் சொன்னனி தம்பி. பக்கத்தில நிண்டு மனிசி சொல்லித் தந்ததும் போனில கேட்டது. அவவுக்குச் சொல்லிப்போடாதை."

இத்தனை வருசத்தில் நான் படித்தது இவ்வளவுதான்: ஒரு வண்டி ஏன் இவ்வளவு டீசல் குடிக்கிறது என்று பத்து நிமிசத்தில் சொல்லிவிடலாம், அதை ஓட்டுகிறவர் ஏன் அப்படி ஆசைப்பட்டார் என்பதைத்தான் எந்த ஜாக்கி போட்டுத் தூக்கியும் பார்க்க முடியாது.